கொரியாவுக்கு முன் நுவரெலியாவுக்கு மூன்று தரம்

கொரியாவிலிருந்து வந்த கடிதத்தை லிந்துலைக் கடையொன்றில் அச்சடித்துக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பி, வெற்றாக இருந்த பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது மெய்யாவே அவங்க அனுப்புனதா?"

"அவங்கதாம்மா. இங்க நம்ம கெம்பஸ்லயும் சொல்லிட்டாங்க. ஒரு செமஸ்டர் அங்க படிச்சிட்டு திரும்பி வரணும்."

"முத்திரை இல்லையே."

"இதுக்கெல்லாம் முத்திரை வைக்க மாட்டாங்கம்மா."

"முத்திரை வைக்காதவங்கள எப்புடி நம்புறது?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். அந்தப் பன்னிரண்டில் வெளிநாடு போனவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே வீட்டு வேலைக்குப் போனவர்கள். அதில் ஒருத்தருக்கு இங்கே சொன்ன வீடு வேறு, அங்கே கொண்டுபோய் விட்ட வீடு வேறு. அதனால் நான் கொரியா போகிறேன் என்றதும் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஏஜென்சி யாரு?" ஏஜென்சி இல்லை, படிக்கப் போகிறேன் என்று சொன்னால் முகம் இன்னும் சுருங்கியது. ஏஜென்சிகூட இல்லாமல் போகிற பிள்ளை என்ன ஆகப்போகிறதோ என்று.

அந்தச் சந்தேகம் எனக்கும் தொற்றியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் சந்தேகப்பட்டது கொரியாவை அல்ல.

விசாவுக்குக் கேட்டிருந்த தாள்கள் பதினொன்று. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அம்மா கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து கால் கழுவும்வரை காத்திருந்து பட்டியலை வாசித்தேன். எங்கள் வீட்டுத் தாள்கள் எல்லாம் பைக்குள் பையாக மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் இருக்கும். மழை ஒழுகினாலும் நனையாது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். சாதாரணதரப் பெறுபேறு, உயர்தரப் பெறுபேறு, தடுப்பூசி அட்டை. மூன்றாம் வகுப்பில் ஓட்டப்போட்டியில் வாங்கிய சான்றிதழ்கூட இருந்தது.

"பொறப்பு அத்தாட்சி?"

"அது காணல."

தேடாமலே சொன்னார். பைக்குள் கையைக்கூட விடவில்லை. தலையில் செருகும் ஊசி விழுந்தால் விளக்கைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற அம்மா, நான் பிறந்ததற்கு இருக்கிற ஒரே அத்தாட்சியைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

புதன்கிழமை அப்பாவும் நானும் குளிருடுப்பு வாங்க நுவரெலியாவுக்குப் போனோம். அப்பாவுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தார். பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு சிங்களப் பெண்கள் லீக்ஸ் விலை இறங்கியதைப் பற்றி அங்கலாய்த்துக்கொண்டு வந்தார்கள். "உரத்துக்குப் போட்டது மண்ணோடு போச்சு" என்றார் ஒருத்தர். "இந்த வருஷம் கெரட் போட்டவள்தான் புத்திசாலி" என்றார் மற்றவர். வழக்கமாக அப்பா இப்படிப்பட்ட பேச்சில் தன் சிங்களத்தோடு புகுந்துவிடுவார். அன்று யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சந்தைப்பக்கம் வரிசையாக ஜெக்கட் கடைகள். ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் ஏறினோம்.

"எங்க பயணம் தங்கச்சி?"

"கொரியாவுக்குங்க. படிக்க."

நானா அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏஜென்சி ஆரு?" என்றார்.

நான் கையில் எடுத்த உடுப்பை வாங்கித் திரும்பத் தொங்கவிட்டார். "இது நம்மட ஊர்க் குளிருக்குச் சரி. அங்க அது காணாது. இத எடுங்க." அவர் நீட்டியது மெத்தை போலக் கனமாக இருந்தது. விற்காத சரக்கை என் தலையில் கட்டப்பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் அப்பா அதையே வாங்கினார். இங்கே கொரியாவுக்கு வந்த முதல் வாரத்திலேயே நானா சொன்னது சரி என்று தெரிந்தது. நுவரெலியாக் குளிர் நம்மை நடுங்க வைக்கும். இந்த ஊர்க் குளிர் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வைக்கிறது.

கடையிலிருந்து இறங்கியதும் அப்பாவிடம் சொன்னேன். "செயலகம் கிட்டத்தானேப்பா இருக்கு. போயி என் அத்தாட்சிக்கு ஒரு கொப்பி எடுத்துக்குவோம்."

"இன்னைக்கு மூடியிருப்பாங்க."

புதன்கிழமை! பொதுமக்கள் தினம். நாட்டில் அத்தனை பேரும் அரசாங்க ஆபீசுகளுக்குப் போகிற நாள். எங்கள் கண் முன்னாலேயே ஆட்கள் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தொறந்துதான்பா இருக்கு."

"மழை வரப்போகுது, வா," என்று அப்பா பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

ஒருவர் என்றால் மறதி என்று விட்டுவிடலாம். இருவருமா? அன்றிலிருந்து அவர்கள் இருவரும் குசினியில் தாழ்ந்த குரலில் பேசினால் என் காது நீண்டது. நான் உள்ளே போனால் பேச்சு சீனிக்கும் உப்புக்கும் தாவியது. கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்தேன். அம்மாவின் மூக்கு இல்லை. அப்பாவுடையதும் இல்லை. நான் யாருடைய பிள்ளை?

பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். அவருக்குத் தெரியாதது லயத்தில் எதுவும் இல்லை.

"அக்கா, நான் பொறந்தப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"இருக்காம? ஆசுபத்திரிக்கு லொறியில ஏத்திக்கிட்டுப் போனதே நாந்தான். என்னா மழை அன்னைக்கு!" என்று சிரித்தார்.

எனக்குப் பாதி உயிர் வந்தது. "அப்ப என் அத்தாட்சிய ஏன்க்கா அம்மா ஒளிக்கிறாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா எழுந்து, அடுப்பில் இல்லாத பானையைப் பார்க்கப் போனார். "அந்த ஆபீசுல ஒங்கம்மா பட்டது போதும். அவகிட்டயே கேளு. நான் சொல்ல மாட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை, தலவாக்கலைக்கு விசாவுக்கான படம் பிடிக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். நுவரெலியாவுக்கு இரண்டாவது தரம்.

செயலகத்தில் கூட்டம். பத்திரத்தை நிரப்பி நீட்டினேன். கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் "எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்?" என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மதியத்துக்குச் சற்று முன் என் பெயரைக் கூப்பிட்டுத் தாளைத் தந்தார். தரும்போது என் முகத்தை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்ததாகத் தோன்றியது. அந்த நாட்களில் எல்லோரும் என்னை ஒரு விநாடி கூடுதலாகப் பார்ப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அங்கே நின்று வாசிக்கத் துணிவில்லை. எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் மீன் வைத்த மாலு பனிசும் பிளேன்டீயும் சொல்லிவிட்டுத் தாளை விரித்தேன். தகப்பன் பெயர்: அப்பாவின் பெயர். தாயின் பெயர்: அம்மாவின் பெயர். கையொப்பம் இட்டவர்: அப்பா. மூச்சு விட்டேன். பனிசைக் கடித்தேன். பசி அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது பனிசையும் எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாக நிதானமாக வாசித்தேன்.

"பெற்றோர் விவாகமானவர்களா?" என்று ஒரு கட்டம். அதற்கு நேரே சிங்களத்தில் ஒரே ஒரு சொல். இல்லை.

இந்தத் தாளின் படப்பிரதியை இதற்கு முன்னும் இரண்டு மூன்று இடங்களில் நானே கொடுத்திருக்கிறேன். பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று பார்த்திருக்கிறேன். வேறு எதை யார் பார்ப்பார்கள்? பாடசாலைக்கும் அடையாள அட்டைக்கும் அம்மாதான் கொண்டு போனார். எப்போதும் நாலாக மடித்து.

திரும்பும் பஸ் நானுஓயா இறக்கத்தில் புகைந்து நின்றது. எல்லோரும் இறங்கித் தூறலில் நின்றோம். அடுத்த பஸ் வர ஒரு மணித்தியாலம் ஆனது. ஒரு மணித்தியாலத்தில் ஒரு மனம் எவ்வளவு தூரம் போகும்! அப்பா மாதம் ஒருமுறை கினிகத்தேனைக்குப் போவார். அத்தை வீட்டுக்கு என்று சொல்வார். அந்த அத்தையை நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். அது அத்தை வீடுதானா? கல்யாணம் ஆகாதவர் என்றால் ஏன் ஆகவில்லை? ஏற்கெனவே ஆகியிருந்ததாலா? ஈரத்தில் நின்றுகொண்டு அப்பாவுக்கு ஒரு குடும்பத்தையும் இரண்டு பிள்ளைகளையும் நானே உண்டாக்கிவிட்டேன். மூத்தவனுக்கு என் மூக்கு.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அப்பா வேலையிலிருந்து வந்து பலகையில் உட்கார்ந்திருந்தார். தாளை இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"அப்பா, கினிகத்தேனையில யாரு இருக்கா?"

"அத்தைதான். ஏன்?"

"மெய்யா சொல்லுங்க. அங்க ஒங்களுக்கு வேற குடும்பம் இருக்கா?"

அம்மா தாளைப் பார்த்தார். என்ன தாள் என்று கேட்கவில்லை. கையிலிருந்த மாவை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"பைத்தியம். அந்த மனுசன போயி இப்புடி கேக்குறியே," என்றார். "ஊருக்கே தெரிய கோயில்ல தாலி கட்டுனாரு. தோட்டமே வந்து சாப்பிட்டுச்சு. பதிஞ்சு எழுதலை, அவ்வளவுதான். அப்ப அவருக்கு அடையாள அட்டை வரல. அது இல்லாம எழுத மாட்டேன்னுட்டாங்க. பொறகு நீ வந்துட்ட."

"அதுக்கு ஏம்மா ஒளிச்சீங்க?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். என் பிறப்பைப் பதிய இருவருமாகப் போன அன்று, எழுதியவர் விவாகச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் எதையோ எழுதியிருக்கிறார். அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வெளியே வந்து, வரிசையில் நின்ற ஒருவரிடம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தாளைக் கொடுத்திருக்கிறார்.

"அந்தாளு வாசிச்சிட்டு சிரிச்சான். பக்கத்துல நின்னவனுக்கும் காட்டினான். நீ என் கையில இருக்க. மொளகா தேச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. அன்னைக்கிருந்து அந்தத் தாள நான் யாரு கையிலயும் விரிச்சுக் குடுத்ததில்ல."

"எனக்குத் தெரிஞ்சா என்னாம்மா?"

"எல்லா ஆபீசுலயும் தெரியும். ஒனக்காவது தெரியாம இருக்கட்டும்னுதான். இப்ப அது கொரியாவுக்கு வேற போகுதுங்குற. அங்க உள்ளவங்க ஒன்னைய என்னான்னு நெனப்பாங்க?"

எழுந்து போய் அரிசி வாளிக்குள் கையை விட்டார். அரிசி படிந்த ஒரு பொலித்தீன் உறையை எடுத்து என் மடியில் போட்டார். காணாமல் போன அத்தாட்சி.

நான் அப்பாவைப் பார்க்க வெட்கப்பட்டேன். அப்பா என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. "ரெண்டு குடும்பம் வச்சிருக்குற ஆளு மாதிரியா நான் இருக்கேன்?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

தாள்களை மொழிபெயர்த்துக் கொழும்பில் கொடுத்தேன். விசா கிடைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா ஒரு பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். விவாகம் பதிவதற்கான அறிவித்தல்.

அம்மா அதைத் தொடவில்லை. "எதுக்கு இப்ப? கொரியாவுல கேட்டாங்களா?"

"இல்ல."

"இத குடுத்தா புள்ளையோட தாள்ல உள்ளத அழிச்சிருவாங்களா?"

"அது தெரியல."

"அப்ப எதுக்கு? கெழட்டு வயசுல கல்யாணமா? லயமே சிரிக்கும். யாரு ஒங்களுக்கு இத சொல்லிக் குடுத்தது?" என்று என்னை முறைத்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"யாரும் சொல்லல," என்றார் அப்பா. "எனக்கு வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், யார் யார் சாட்சி என்று கேட்டார்.

நான் புறப்படுவதற்கு நாலு நாள் முன், நாங்கள் மூவரும் மாரியாயி அக்காவும் நுவரெலியாவுக்குக் கிளம்பினோம். மூன்றாவது தரம். பெட்டி வாங்கப் போகிறோம் என்று குழாயடியில் சொன்னோம். "ஒரு பெட்டி வாங்க நாலு பேரா? அதுவும் பட்டுச்சேலையிலயா?" என்று ஒரு குரல் பின்னால் வந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பதினொரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வழியில் மண் சரிந்து, பஸ் வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் வழி விட்டிருந்தார்கள். அப்பா காய்கறி ஏற்றப் போகிற ஒரு லொறியை மறித்தார். "எங்கே அவசரம்?" என்று சாரதி சிங்களத்தில் கேட்டான். "கல்யாணம்" என்றார் அப்பா. சாரதி என்னைப் பார்த்து வாழ்த்துச் சொன்னான். யாரும் திருத்தவில்லை. அம்மாவும் அக்காவும் முன்னால் ஏற, நானும் அப்பாவும் பின்னால் வெறும் கூடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பாவின் வெள்ளைச் சேட்டில் முட்டைக்கோவா இலை ஒட்டியது.

பதிவாளர் நடுத்தர வயதுக்காரர். சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசினார். பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதினார். "மணமகள் முன்பு விவாகமாகாதவர்" என்று எழுதியதை அவர் வாய்விட்டுச் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார்.

"அப்புடி எழுதாதீங்க சேர். எனக்குக் கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசமாச்சு. இவருதான் மாப்பிள்ளை. வேணும்னா தோட்டத்துல வந்து கேளுங்க."

பதிவாளர் பேனாவை வைத்தார். "அம்மா, தாலி கட்டினது கட்டினதுதான். நான் இல்லைன்னு சொல்லல. இந்தக் கட்டத்துல பதிவ பத்தி மட்டுந்தான் கேக்குது."

அம்மா யோசித்தார். "சரி. கையெழுத்து வைக்க முன்ன, என்னென்ன எழுதியிருக்கீங்கன்னு எல்லாத்தையும் வாசிங்க."

அவர் வாசித்தார். வரிசை நீண்டிருந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து முடித்தார்.

"நீ பாரு," என்று அம்மா என்னிடம் சொன்னார். "அவரு வாசிச்சதுதான் எழுதியிருக்கான்னு பாரு."

எனக்கு உடம்பு கூசியது. ஒரு அதிகாரியை முகத்துக்கு நேரே சந்தேகப்படுவதா? ஆனால் அம்மா அசையவில்லை. பதிவாளர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். சிங்கள எழுத்துகளின்மேல் விரலை வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். எந்த இடத்திலும் அவசரப்படவில்லை. பிறகு பேனாவை வாங்கிப் பெயரை முழுதாக எழுதினார். அப்பா சேட்டில் ஒட்டியிருந்த கோவா இலையைத் தட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

சாட்சிக் கட்டத்தில் நான் கையெழுத்து வைக்கும்போது பதிவாளர் கேட்டார்: "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

"மகள்."

அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். அம்மாவின் கண் உடனே அவருடைய வாய்க்குப் போனது. சிரிக்கிறாரா என்று பார்க்க. அவர் சிரிக்கவில்லை. திகதியைக் குறித்துவிட்டு, "நல்லா இருங்க" என்றார்.

வெளியே வந்து நாலு பேரும் கொத்துரொட்டி சாப்பிட்டோம். மாரியாயி அக்கா அழுதுகொண்டே இரண்டு தட்டுச் சாப்பிட்டார். பெட்டி வாங்க மறந்துபோனது. ஊர் எல்லையில் இறங்கும்போதுதான் நினைவு வந்தது. பட்டுச்சேலையோடு போய் வெறுங்கையோடு வந்த எங்களைக் குழாயடி என்ன நினைத்ததோ தெரியாது. மறுநாள் அப்பா தலவாக்கலையில் ஒரு பெட்டி வாங்கி வந்தார்.

இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. தரையே சூடாக இருக்கிற அறை. மூன்று வேளையும் மிளகாயில் ஊறிய கோவா, கிம்சி. முதலில் வாய்க்கு ஏறவில்லை, இப்போது அது இல்லாமல் சோறு இறங்குவதில்லை. போன வாரம் வெளிநாட்டவர் பதிவுக்காக ஒரு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தாள்கள் எல்லாவற்றையும் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்து, பெயரையும் திகதியையும் பார்த்து, கணினியில் எதையோ தட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். முழுதும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன்.

"அந்த வரிய பாத்தாளா?"

"பாக்கலம்மா."

"நல்லா கவனிச்சியா? பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருந்திருப்பா."

"மெய்யாவே பாக்கலம்மா."

மறுமுனையில் மழை தகரத்தில் விழுவது கேட்டது.

"பாத்தாத்தான் பாக்கட்டுமே," என்றார் அம்மா.